தூண்டிலும் நாணமும்

எந்தக் கருவியைப் பழகினாலும் அதனோடு சில பிழைகளையும் பழகித்தான் கடக்க வேண்டும். ஊசி பிடிக்கக் கற்றவர் விரலில் குத்துப்படாமல் கற்றதில்லை. சுத்தியல் பிடிக்கக் கற்றவர் கட்டைவிரலைக் காத்துக்கொண்டே கற்றதில்லை. ஆயினும் பெரும்பாலான தொழில்களில் இப்பிழைகள் வீட்டுக்குள்ளோ பட்டறைக்குள்ளோ நிகழ்ந்து மறைந்துவிடுகின்றன. தூண்டிலிட்டு மீன்பிடிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நிற்பது திறந்த நீர்க்கரை. இரு பக்கமும் அவரைப்போலவே தூண்டிலோடு காத்திருப்போர். அவர்களுக்குப் பொழுது போகாத நேரமே மிகுதி. ஆதலால் ஒருவருடைய பிழை கரை முழுவதற்கும் உடனே தெரிந்துவிடும்.

நான் தூண்டில் பிடிப்பவன் அல்லன். கரையில் அமர்ந்து பார்ப்பவன். தமிழாசிரியனாகப் பணிமாறுதல் பெற்றுப் பெங்களூருக்கு வந்தபின், எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவரின் நட்பால் இந்தப் பார்வை எனக்கு வாய்த்தது. அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். பெங்களூரில் தொழிற்சாலை ஒன்றில் பொருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகர ஏரிகளில் நினைத்தவர் நினைத்தபடி தூண்டில் போட முடியாது. எனவே கனகபுரா சாலையின் புறத்தே, கட்டணம் செலுத்தித் தூண்டிலிடும் பண்ணைக்குளம் ஒன்றுக்கு அவர் ஞாயிறுதோறும் செல்வார். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுடன் நானும் சில வாரங்கள் உடன் செல்வதுண்டு. அவர் மீனுக்குக் காத்திருப்பார். நான் ணகர னகரப் பிழைகளைத் தேடிக்கொண்டிருப்பேன்.

மாணவர்களே, முதலில் கருவியை அறிந்துகொள்வோம். கோல், நரம்பு, முள், ஈயக்குண்டு, தக்கை, இரை ஆகிய ஆறும் சேர்ந்ததே தூண்டில். நைலான் நரம்பைத் தமிழகக் கடற்கரையில் தங்கூசி என்றும் வழங்குவர். கன்னடத்தில் தூண்டிலுக்குக் ‘காள’ என்று பெயர். மீனுக்கோ நம் சொல்லே சற்று நீண்டு ‘மீனு’ என்றாகியிருக்கிறது. இக்காலத் தூண்டிற்கோலில் நரம்பைச் சுற்றிவைக்கும் ‘ரீல்’ என்னும் உருளையும் உண்டு. கோலின் நெடுகிலும் சிறு வளையங்கள் இருக்கும். ரீலில் இருந்து புறப்படும் நரம்பு அவ்வளையங்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் சென்று, நுனியில் முள்ளைத் தாங்கும். பார்ப்பதற்கு எளிய கருவிதான். ஆனால் இவ்வெளிய கருவியில் நிகழும் பிழைகளோ பலப்பல.

நரம்பைக் கோர்க்கும்போது நடுவில் ஒரு வளையத்தை விட்டுவிடுவது மிகப் பொதுவான பிழை. தக்கை, குண்டு, முள் எல்லாவற்றையும் கட்டி முடித்துத் தலைநிமிர்ந்த பிறகே விடுபட்ட வளையம் கண்ணில் படும். கட்டியவை அனைத்தையும் அவிழ்த்து மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டு துண்டுகளாகப் பொருத்தும் கோலை இறுகப் பொருத்தாமல் ஓங்கி வீசினால், முன்துண்டு அம்புபோலப் பறந்து நரம்பில் வழுக்கிக்கொண்டு குளத்தில் போய் விழும். வீசியவர் கையில் அரைக்கோல் எஞ்சியிருக்கும். சிலவகை ரீல்களில், வீசுவதற்கு முன் நரம்பைத் தடுத்து நிற்கும் கம்பி வளைவைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் குண்டு முன்னே பாயும். நரம்பு பின்னே நிற்கும். நரம்பு அறுந்து, குண்டும் முள்ளும் தனியே பறந்துபோய் நடுக்குளத்தில் விழும். வேறுவகை ரீல்களில், வீசும் வேகத்துக்கேற்ப உருளையைக் கட்டைவிரலால் அணைக்க வேண்டும். தவறினால் உருளை நரம்பைவிட வேகமாகச் சுழன்று, சுற்றுகள் ஒன்றோடொன்று சிக்கிப் பந்தாகிவிடும். உலகெங்கும் தூண்டில்காரர்கள் இச்சிக்கலைப் ‘பறவைக்கூடு’ என்றே கேலியாகக் குறிப்பிடுகின்றனர். இனித் தன் சட்டைக் காலரையே முள்ளில் மாட்டி வீச முயல்வோரும் உண்டு. தேநீர் குடிக்கச் சென்ற வேளையில் தரையில் வைத்த கோலை மீன் இழுத்துக்கொண்டு போக, வெறுங்கரையைக் கண்டு திகைப்போரும் உண்டு.

இவற்றைச் செய்தவர்களிடம் ஒரு பொதுத்தன்மையைக் கண்டேன். பிழை நேர்ந்த அந்த நொடியில் ஒருவரும் கருவியைப் பார்ப்பதில்லை. முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். யாராவது கண்டுவிட்டார்களா என்பதே அவர்களுடைய முதற் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையிலிருந்து வந்து இங்கே கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் புத்தம்புதிய தூண்டிலோடு வந்தார். கோலும் ரீலும் விலையுயர்ந்தவை. ராகி மாவை உருட்டி வேகவைத்த இரையை முள்ளில் கோத்து அழகாக வீசினார். சிறிது நேரத்தில் பெரிய கட்லா ஒன்று கவ்வியது. கோல் வில்லாக வளைந்தது. மீன் ஓட, ரீல் சுழன்று நரம்பை விட்டுக்கொண்டே இருந்தது. திடீரெனக் கோல் நிமிர்ந்தது. நரம்பின் கடைசி முனை ஒவ்வொரு வளையமாகக் கடந்து, காற்றில் ஒரு முறை துள்ளி, தண்ணீருக்குள் மறைந்தது. நரம்பின் உள்முனையை உருளையில் முடிச்சிட்டுக் கட்டாமல் அப்படியே சுற்றியிருக்கிறார் அவர். ரீலில் ஓர் அங்குல நரம்பும் மிஞ்சவில்லை.

கரை சிரித்தது. இளைஞரின் முகம் சிவந்தது. அவரும் வலிந்து சிரித்து, சாமான்களைப் பைக்குள் திணிக்கத் தொடங்கினார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எத்தனை மீட்டர் நரம்பு?” என்று கேட்டார்.

“நூறு மீட்டர் இருக்கும், அங்கிள். போனால் போகட்டும். வேறு வாங்கிக்கொள்கிறேன்.”

“உங்களுக்குப் போயிற்று, சரி. அந்த மீனுக்கு?”

இளைஞருக்கு விளங்கவில்லை. பெரியவர் விளக்கினார். வாயில் முள்ளும் பின்னால் நூறு மீட்டர் நரம்புமாக ஓடும் மீன், ஏதேனும் கல்லிலோ வேரிலோ சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து மேலும் இறுக்கிக்கொள்ளும். இரை தேட இயலாமல் அங்கேயே வாடிச் சாகும். இதைச் சொல்லிவிட்டு அவர் தம் நரம்பில் கனத்த குண்டும் மூன்று கொக்கியுள்ள பெரிய முள்ளும் கட்டினார். இளைஞரின் நரம்பு மறைந்த திசைக்குக் குறுக்கே வீசி, அடிமட்டத்தோடு மெல்ல இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மீண்டும் வீசினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இப்படியே கழிந்தது. சிரித்தவர்களில் இருவர் தாமும் எழுந்துவந்து வேறு பக்கங்களிலிருந்து வீசத் தொடங்கினர். ஒருவழியாக நரம்பு சிக்கியது. அதைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கைவலையில் மீனை ஏந்தி, முள்ளை எடுத்து, அதை நீருக்குள் விட்டனர். பிறகு பெரியவர் அந்த இளைஞரை அருகில் அமர்த்தி, உருளையில் முதல் முடிச்சை எப்படி இடுவது என்று காட்டிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் நான், “நீங்கள் ஏன் ஐயா சிரிக்கவில்லை?” என்று கேட்டேன்.

“சிரிப்பதில் தவறில்லை, வாத்தியாரே. சிரிப்பு முடிந்தபின் எழுந்து போய்விடுவதுதான் தவறு. எங்கள் அப்பா சுரங்கத்தில் இறங்கும் கூண்டின் கயிற்றைப் பற்றிச் சொல்வார். அதில் குறை கண்டவன் வெட்கப்பட்டுக்கொண்டோ பயந்துகொண்டோ வாயை மூடிக்கொண்டால், அடுத்த முறை இறங்குகிறவன் திரும்பி வரமாட்டான் என்பார்” என்றார் அவர்.

அன்று முதல் தூண்டிற்காரரின் பிழைகள் என் மனத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டன. விடுபட்ட வளையமும், பறந்த அரைக்கோலும், சட்டையில் மாட்டிய முள்ளும் செய்தவருக்கே இழப்பு. அவற்றுக்கு நன்றாகச் சிரிக்கலாம். செய்தவரும் சேர்ந்தே சிரிக்கலாம். வேறு சில பிழைகளுக்கு விலை கொடுப்பது வேறோர் உயிர். நைலான் நரம்பு வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும்; பழைய நரம்பையே மாற்றாமல் கட்டுவது அத்தகைய பிழை. நரம்பை நனைக்காமல் முடிச்சை வெடுக்கென்று இறுக்கினால், உராய்வின் வெம்மையால் முடிச்சிடும் இடத்திலேயே அது நலிந்துபோகும். எச்சிலோ நீரோ தொட்டு மெல்ல இறுக்கினால் இக்கேடு இல்லை. ரீலில் நரம்பு விடும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அதை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால், பெரிய மீன் பாயும்போது நரம்பு நெகிழாமல் அறுந்துபோகும். இம்மூன்றிலும் மீன் முள்ளோடு போய்விடுகிறது. முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் அமுக்கிவிட்டால், அந்த முள் எளிதில் கழன்று விழ வழியுண்டு. பெரியவர் தம் முட்களை எல்லாம் அப்படித்தான் அமுக்கி வைத்திருக்கிறார். அதனால் சில மீன்கள் அவரிடமிருந்து தப்பிவிடுவதும் உண்டு.

சிக்கெடுக்க முடியாத நரம்பை அறுத்துப் புதருக்குள் எறிவது இவற்றினும் கொடிது. ஏரிகளில் வாழும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும் இத்தகைய நரம்பில் காலோ சிறகோ சிக்கிப் பறக்க இயலாமல் துன்புறும். பட்டம் விடும் நைலான் மாஞ்சா நூலுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் தடை விதித்தது. மக்களையும் பறவைகளையும் அந்நூல் அறுத்ததே அதற்குக் காரணம். கரையில் எறியும் தூண்டில் நரம்பும் அதே நைலான்தான். அதை எறிபவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டே எறிகிறார். முன்பு கண்ட அதே பார்வைதான்; ஆனால் இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு!

திருக்குறளின் 102 ஆம் அதிகாரத்துக்கு நாணுடைமை என்று பெயர். தகாத செயலைச் செய்ய நேர்வதற்குக் கூசுவதையே வள்ளுவர் அங்கே நாணம் என்கிறார். தமக்கு வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறருக்கு வரும் பழிக்கும் நாணுவோரை அவர் உயர்த்திப் பேசுகிறார். கை தவறியதற்காக முகம் சிவப்பதை அவர் அவ்வதிகாரத்தில் பேசவே இல்லை. பிறர் எறிந்த நரம்பைப் புதரிலிருந்து எடுத்துச் சுருட்டித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் எதிர்வீட்டுப் பெரியவரைக் கண்டபோது, பல்லாண்டுகளாகப் பாடம் நடத்திய அவ்வதிகாரம் எனக்குப் புதிதாக விளங்கிற்று.

பிழையையும் வெறுமையையும் மறைக்காமல் வைப்பதனால் விளையும் நன்மைக்கு நம் காவிரியே சான்று தருகிறது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், அர்க்காவதி ஆறு காவிரியோடு கலக்கும் சங்கமத்துக்கு அருகே கலிபோரே என்னும் இடம் உள்ளது. அங்கே ஓடும் காவிரியில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மகசீர் என்னும் பெருமீன் வாழ்கிறது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர் 1873 ஆம் ஆண்டில் இந்தியத் தூண்டிற்கலை பற்றி நூல் ஒன்றை வெளியிட்டார். மகசீருக்கு அந்நூலில் சிறப்பிடம் உண்டு. 1946 ஆம் ஆண்டில், காவிரியின் துணையாறாகிய கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார்.

பிற்காலத்தில் கலிபோரேயில் தூண்டில் முகாம் ஒன்று இயங்கியது. அங்கே பிடித்த மீனை எடை பார்த்து மீண்டும் ஆற்றில் விடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரை, வந்தவர்கள் எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டனர், என்ன பிடித்தனர் என்பது ஏட்டில் பதிவாயிற்று. 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட முயற்சி. 6,000க்கும் மேற்பட்ட மகசீர்கள். மாணவர்களே, இங்கே ஒன்றை நுணுகி நோக்குங்கள். பிடித்த மீன்களை மட்டும் பெருமையோடு எழுதி, வெறுங்கையோடு திரும்பிய மணி நேரங்களை எழுதாமல் விட்டிருந்தால், அவ்வேட்டினால் பயன் சிறிதே. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்று கணக்கிட முடிந்தால்தான், ஆற்றில் அம்மீன் பெருகுகிறதா, குறைகிறதா என்று அறிய முடியும்.

அறிவியலாளர்கள் அவ்வேட்டை ஆராய்ந்து 2015 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். முகாமில் மொத்தத்தில் மீன்கள் மிகுதியாகவே கிடைத்துவந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பான்மை, வெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீரோ ஏறத்தாழக் காணாமலே போய்க்கொண்டிருந்தது. அம்மீனுக்கு உரிய அறிவியற்பெயர் இன்னதென்றுகூட அப்போது உறுதிப்படவில்லை. 2018 ஆம் ஆண்டில் அது தோர் ரெமாதேவி என்னும் இனமே என்று உறுதியாயிற்று. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் தூண்டில் விளையாட்டு இன்று இல்லை. ஆனால் ஒன்றும் கிடைக்காத பொழுதுகளையும் நாணாமல் எழுதிவைத்த அந்த ஏடு, ஒரு மீனினத்தின் துன்பத்தை உலகுக்கு அறிவித்தது.

இதை ஏன் தமிழ்ப்பாடத்தில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மொழியும் ஒரு கருவியே. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளரும் பிள்ளைகள் நீங்கள். வகுப்பில் ஒருவர் எழுந்து ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளைப்பலம்’ என்று படித்துவிடுகிறார். வகுப்பு சிரிக்கிறது. அதில் குற்றமில்லை, நாக்கு சறுக்கினால் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் அந்த மாணவர் அதன்பின் ஆண்டு முழுவதும் வாய் திறப்பதில்லை. விருப்பமொழி வகுப்பில் அவ்வாறு மௌனமானவர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். மறுமுறை அவர்கள் பிழையாகப் படிப்பதில்லை என்பது உண்மை; படிப்பதே இல்லை. அவர்களுக்குள் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைக் காட்ட எந்த ஏடும் இல்லை.

கோவை இளைஞர் மறுவாரமும் குளத்துக்கு வந்தார். இப்போது தூண்டில் பழக வரும் புதியவர் யாரைக் கண்டாலும், “முதலில் உருளையில் முடிச்சிட்டீர்களா? நான் ஒரு நாள் இடாமல் விட்டேன், கேளுங்கள்” என்று தம் கதையைத் தாமே சொல்லிச் சிரிக்கிறார். கரையும் சிரிக்கிறது, புதியவர் தம் ரீலை ஒரு முறை சோதித்துக்கொள்கிறார்.

உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். தமிழ்க் குறிப்பேட்டின் கடைசித் தாளை இன்றே ஒதுக்கி வையுங்கள். படிக்கும்போதும் எழுதும்போதும் நேர்ந்த பிழைகளை நாள் குறித்து அதில் எழுதுங்கள். எழுந்து படிக்காமல் விட்ட நாட்களையும் மறவாமல் எழுதுங்கள். அத்தாளுக்கு நான் மதிப்பெண் இடமாட்டேன். சிவப்பு மையும் அதைத் தொடாது. ஆண்டிறுதியில் நீங்களே அதை எடுத்துப் படித்துப் பாருங்கள். எது குறைந்தது, எது பெருகியது என்பதை அது உங்களுக்குச் சொல்லும்.